நானூறு டன் கோபுரம்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஓர்மன் கவுண்டியின் நீதிமன்றக் கோபுரம் நானூறு டன் எடையுள்ளது, கலப்படமற்ற சுண்ணாம்புக்கல்லால் எழுப்பப்பட்டது, மனிதராலோ மாட்டாலோ, புயலாலோ பொறாமையாலோ அசைக்கப்பட முடியாதது, இந்தக் கவுண்டியில் நீதி நிலைத்திருக்கும்வரை நிலைத்திருக்கும்.

நீதிமன்ற முன்வாசலில் ஒரு பித்தளைத் தகட்டில் இது பொறிக்கப்பட்டிருந்தது. வாசகம் கர்னல் எஃப்ரைம் டட்வீலருடையது. எந்தப் படையில் அவர் கர்னலாக இருந்தார் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்க வந்தவர்களை அவர் பார்க்கும் பார்வையில் கேள்வி தொண்டையிலேயே காய்ந்துவிடுமாம். அந்தத் தகட்டைத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருப்பதும், வருடத்துக்கு ஒருமுறை அதை ஊர் கேட்க உரக்க வாசிப்பதும் கவுண்டி நிர்வாகக் குழுத் தலைவரின் கடமை. இப்போதைய தலைவர் கர்னலின் பேரன் லைமன் டட்வீலர்.

போன வருடம்வரை லைமன் அதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசித்தார். இந்த வருடம் ‘நானூறு டன்’ என்ற இடத்தை எப்படித் தாண்டுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் அந்த நானூறு டன்னும் உட்கார்ந்திருப்பது கோர்ட் அறையின் பின்சுவர்மேல். அந்தச் சுவரில் விரிசல் விட்டிருந்தது. அது லைமனுக்கு மட்டும் தெரியும்.

கோபுரம் எதற்கு அவ்வளவு கனமாகக் கட்டப்பட்டது என்பதற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், இந்தப் பக்கத்துச் சமவெளியில், கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, தலைநகர் எந்த ஊர் என்று ஊருக்கு ஊர் துப்பாக்கி தூக்கிய காலம் அது. நீதிமன்றம் எங்கே இருக்கிறதோ அதுதான் தலைநகர். நீதிமன்றம் இருந்தால் ரயில் நிற்கும். ரயில் நின்றால் வக்கீல் இறங்குவார். வக்கீல் இறங்கினால் ஊரில் சண்டைக்குப் பஞ்சம் இருக்காது. இந்த ஊரான ஓர்மன் சிட்டியின் முதல் நீதிமன்றம் மரக்கட்டடம். ஒரு மே மாதத்தில் ஊர் முழுக்க ஓடைக்கரையில் சர்ச் விருந்தில் கோழிக்கால் கடித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து ஊரான வெல்டன்காரர்கள் வந்தார்கள். கட்டடத்துக்கு அடியில் உருட்டுக்கட்டைகளைக் கொடுத்தார்கள், மாடுகளைப் பூட்டினார்கள், நீதிமன்றத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். விருந்து முடிந்து வந்தவர்களுக்கு அஸ்திவாரக் கற்கள்தான் மிச்சம். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நீதிபதி வெல்டனில்தான் கண் விழித்தார்.

வழக்குப் போட்டு ஓர்மன் சிட்டி தலைநகரை மீட்டது. ஆனால் மானத்தை மீட்கக் கோர்ட்டில் வழி இல்லையே. “இனி எவனும் இழுக்க முடியாத ஒன்றைக் கட்டுவேன்” என்று கர்னல் முழங்கினார். கீழே கல்கட்டடம் எழுந்தது; கனத்த வளைவுகள், இரும்புப் படிக்கட்டு, எதிரொலிக்கென்றே கட்டியதுபோன்ற ஒரு நடுக்கூடம். அதற்கு மேல் கோபுரம். வரைபடம் போட்ட ஆள் அதே படத்தை அக்கம்பக்கத்துக் கவுண்டிகளுக்கும் பெயரை மட்டும் மாற்றி விற்றிருந்தது பின்னால்தான் தெரிந்தது. கோபுரத்தின் மூன்று பக்கம் கடிகாரம் உண்டு. வெல்டனைப் பார்த்த நான்காம் பக்கத்தில் வட்டம் மட்டும் இருக்கும், முள் இருக்காது. வெல்டன்காரர்களுக்கு மணி காட்டுவதில்லை என்று கர்னல் முடிவு செய்திருந்தார். உச்சியில் நீதிதேவதை. அவள் கையில் இருந்த தராசை ஏதோ ஒரு காற்று கொண்டுபோய்விட்டதால், காலங்காலமாக வெறுங்கையை நீட்டி யாரிடமோ சில்லறை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதோடு ஒரு வழக்கமும் பிறந்தது. நீதிமன்றம் திருடுபோன தேதியில் வருடந்தோறும் ‘காவல் நாள்’. குழுத் தலைவர் காலையில் தகட்டை வாசித்துவிட்டு, கர்னலின் பழைய துப்பாக்கியோடு கோபுர அறைக்கு ஏறி, பொழுது சாயும்வரை வெல்டன் திசையைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். துப்பாக்கியில் குண்டு இருக்காது. வெல்டன்காரர்களும் தவறாமல் வருவார்கள். வாசிப்பு முடிந்ததும் கைதட்டுவார்கள், ஓர்மன்காரர்களைவிடப் பலமாக. அது பயத்தால் வந்த மரியாதை என்று லைமன் நினைத்திருந்தார்.

போன காவல் நாளில்தான் லைமனுக்கு அந்த யோசனை வந்தது. கர்னலின் போட்டோ ஒன்று நடைவழியில் யாரும் பார்க்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கோர்ட் அறைக்குள் கொண்டுவந்து, ஜூரிகள் உட்காரும் வரிசைக்கு நேர் மேலே, பின்சுவரில் தன் கையாலேயே ஆணி அடித்து மாட்டினார். பாட்டுக்குழு பாடியது. சில வாரங்கள் கழித்து ஒருநாள் யதேச்சையாக நிமிர்ந்து பார்த்தால், படத்தின் சட்டத்துக்குக் கீழே ஒரு கோடு. முடி ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைக்கப் போனார். துடைக்கத் துடைக்க அது போகவில்லை.

வேறு ஒருவராக இருந்தால் ஆள் கூப்பிட்டுக் காட்டியிருப்பார். ஆனால் இந்த மே மாதத்தில் தலைநகரை வெல்டனுக்கு மாற்றலாமா என்று கவுண்டி முழுக்க வாக்கெடுப்பு வருகிறது. நீதிமன்றச் சுவரில் விரிசல் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் போதும், தாத்தா மீட்டதைப் பேரன் தொலைத்தான் என்று ஊர் பேசும். ஆகவே லைமன் போட்டோவைக் கழற்றிவிட்டு, கர்னல் குதிரைமேல் இருக்கும் பெரிய படத்தை, அதைவிடப் பெரிய ஆணியில் மாட்டினார். விரிசல் மறைந்தது. பனிக்காலம் முடிவதற்குள் குதிரையின் குளம்புக்குக் கீழே மறுபடி எட்டிப் பார்த்தது. கடைசியில் வங்கி மாடியில் கிடந்த, கர்னலின் ஆளுயர எண்ணெய் ஓவியத்தைக் கொண்டுவந்தார். வாதுமை மரச் சட்டம்; தூக்குவதற்குள் முதுகு விட்டுப்போனது. அதைத் தாங்க ரயில் தண்டவாளத்து ஆணியே வேண்டியிருந்தது. உதவிக்கு யாரையும் கூப்பிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை பகலில், ஊர் சர்ச்சில் இருந்தபோது, சுத்தியலின் ஒவ்வோர் அடிக்கும் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டே அடித்து முடித்தார்.

“உங்க தாத்தா வளந்துகிட்டே வரார் சேர்மன்” என்றார் நீதிபதி ப்ளென்னர். காது மந்தமானவர், ஆனால் கண் கூர்மை. “இப்படியே போனா அடுத்த வருஷம் எனக்கு உக்கார எடமிருக்காது.”

லைமன் சிரித்தார். சிரிக்கும்போது கண் மட்டும் சட்டத்தின் கீழ்விளிம்பிலேயே இருந்தது.

காவல் நாளுக்கு முந்தின வாரம் கோபுரத்துக்கு வண்ணம் பூசும் வேலை நடந்தது. அந்த உயரத்துக்கு ஏற ஓர்மன் சிட்டியில் ஆள் கிடையாது. எப்போதும் வெல்டனிலிருந்து ஹாஸ்லெட் குடும்பம்தான் வரும். தாத்தா, அப்பா, இப்போது ரூப் ஹாஸ்லெட். கயிற்றில் இறங்கி வந்தவனின் கையெல்லாம் சிவப்பு.

“என்ன ரூப், கல்லுக்கு எதுக்குச் செவப்பு?” என்றார் லைமன்.

“அது அடியில அடிக்கிறது சேர்மன். மேல சாம்பல் அடிப்போம். அது காயிறதுக்குள்ள மணலத் தூவிருவோம்.”

“கல்லு மேல மணலா?”

“கல்லு கல்லாட்டம் தெரிய வேணாமா?” ரூப் கையைத் துணியில் துடைத்தபடி சிரித்தான். “எங்க தாத்தா சொல்லிக் குடுத்த பக்குவம்.”

லைமனின் மனம் மணலில் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மேல எங்கயாச்சும்... வெடிப்பு கிடிப்பு பாத்தியா?”

“வெடிப்பா? அதுல வெடிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

“அப்ப நல்லாத்தானே இருக்கு.”

“நல்லாத்தான் இருக்கு. காத்தடிச்சா மட்டும் கொஞ்சம் ஆடுது.”

லைமன் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். “ஆடுதா?”

“லேசாத்தான்.”

“நானூறு டன் ஆடுதுங்கற.”

ரூப்புக்குத் திடீரென்று இருமல் வந்தது. முதுகைக் காட்டித் திரும்பி நின்று வெகுநேரம் இருமினான். “ஆமா சேர்மன்,” என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நானூறு டன்.”

அன்றிலிருந்து லைமனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெருவில் நடக்கும்போது கோபுரத்தின் நிழல் காலில் படாமல் சுற்றிப் போனார். கடிகார முள் நகரும்போதெல்லாம் கோபுரமும் ஒரு மயிரிழை நகர்வதாகத் தோன்றியது. பகலில் தன் விதைக்கடையில் கோதுமை மூட்டை ஒன்று பொத்தென்று விழுந்தால் வாடிக்கையாளருக்கு முன்னால் மேசைக்கடியில் குனிந்தார்.

காவல் நாளன்று காலையில் அவர் மனைவி ஓபல் நல்ல உடுப்பு உடுத்தி, தொப்பி ஊசியைக் கண்ணாடி முன்னால் நின்று செருகிக்கொண்டிருந்தாள்.

“எங்க கெளம்பிட்ட?”

“கோர்ட்டுக்கு. ஜூரியில கூப்பிட்டிருக்காங்கன்னு போன வாரமே சொன்னேனே. நீ காபியையே பாத்துகிட்டு உக்காந்திருந்த.”

லைமன் கோப்பையைக் கீழே வைத்தார். “இன்னிக்கு காவல் நாளு. இன்னிக்கா கேஸ்?”

“உன் கோபுரத்துக்காக அந்தக் காளமாடு காத்துகிட்டிருக்குமா? வெல்டன்காரன் காள, நம்மூர்க்காரன் ஆப்பிள் மரத்த முட்டித் தள்ளிருச்சாம். ப்ளென்னர் இன்னிக்கே முடிக்கணும்கறார்.”

“எந்த எடத்துல உக்கார வெப்பாங்க?”

ஓபல் ஊசியைச் செருகாமல் திரும்பிப் பார்த்தாள். “ஏன், உங்க தாத்தாவுக்கு நேர் கீழதான். என் பேர்தான் மொதல்ல கூப்பிட்டாங்களாம். எடத்துல என்ன இருக்கு?”

“முன்னாடி வரிசையில மாத்திக் கேளேன். வெளிச்சமா இருக்கும்.”

“லைமன். என்ன ஆச்சு உனக்கு? பத்து நாளா பேயறைஞ்ச மாதிரி இருக்க. நான் வெல்டன்காரன் பக்கம் தீர்ப்பு சொல்லிருவேன்னு பயமா?”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். வாய்க்குள் வாக்கெடுப்பு, தாத்தா, பித்தளைத் தகடு எல்லாம் ஒன்றாக அடைத்துக்கொண்டு நின்றன. “ஒண்ணுமில்ல. குட எடுத்துக்க” என்றார்.

அவசரமாகப் போய் நீதிபதியைப் பிடித்தார். ப்ளென்னர் தன் அறையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து என்ன வைத்திருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, என் மனைவிய ஜூரிலேர்ந்து விட்ருங்களேன்.”

“ஒடம்பு சரியில்லியா?”

“நல்லாருக்கா.”

“புத்தி சரியில்லியா?”

“அதெல்லாம் இல்ல ஐயா.”

“அப்ப உக்காரட்டும்.” நீதிபதி பொட்டலத்தை மூடினார். “உங்க புத்திதான் சரியில்ல போல. போய்க் காவல் இருங்க.”

வாசலில் கூட்டம் கூடியிருந்தது. காற்று இல்லை. அது நல்லதற்கில்லை என்பது அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். மேற்கே வானம் பழுத்துக் கன்றிய பச்சையாகத் திரண்டிருந்தது. லைமன் தகட்டை வாசித்தார். ‘நானூறு டன்’ என்று சொல்லும்போது குரல் உடைந்தது. உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று நினைத்து ஓர்மன்காரர்கள் கண் கலங்கினார்கள். வெல்டன்காரர்கள் வழக்கம்போலக் கைதட்டினார்கள். ரூப் ஹாஸ்லெட் விசிலே அடித்தான்.

இரும்புப் படிக்கட்டு முடிந்ததும் மர ஏணி. அதற்குமேல் கோபுர அறை. உள்பக்கம் சுற்றிலும் பலகை அறைந்திருப்பார்கள். கல்லை உள்ளிருந்து பார்த்தவர் யாருமில்லை. ஒரு நாற்காலி, ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்கு அப்பால் கோதுமை வயல், வயலுக்கு அப்பால் வெல்டனின் தானியக் குதிர். லைமன் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். முழு எடையையும் தரையில் வைக்க மனம் வரவில்லை. ஏற்கெனவே நானூறு டன், தன்னுடையதையும் சேர்ப்பானேன்.

மதியம் தாண்டியதும் குதிர் கண்ணிலிருந்து மறைந்தது. வயலின் குறுக்கே ஒரு சாம்பல் சுவர் நடந்து வருவதுபோல் மழை வந்தது. அதற்கு முன்னால் காற்று வந்தது.

முதலில் ஒரு முனகல். பிறகு மேலே, நீதிதேவதை நிற்கும் இடத்தில், பல்லைக் கடிக்கும் சத்தம். மழை கோபுரத்தைத் தொட்டதும் லைமன் காதுகளைப் பொத்திக்கொண்டார். அப்படியொரு சத்தத்தை அவர் கேட்டதில்லை. நூறு பேர் சேர்ந்து கரண்டியால் தட்டுகளை அடிப்பதுபோல் படபடவென்று, நாலாபக்கமும், தலைக்கு மேலே. ஆலங்கட்டி விழ ஆரம்பித்ததும் அது அடி அடியென்று அடித்தது. கல் நொறுங்குகிறது, என்று நினைத்தார். கல் கல்லாகப் பிரிகிறது. கர்னலின் துப்பாக்கியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், அது ஏதோ தூண்போல.

அப்போது தரையோரத்தில் ஒரு வெளிச்சத்தைப் பார்த்தார்.

சுவரும் தரையும் சேரும் இடத்தில், கத்தி முனை அளவுக்கு, பச்சையான ஒரு கீற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. காற்று மூச்சை இழுத்தது. கீற்று மறுபடி திறந்தது, இந்தத் தடவை விரல் நுழையும் அளவுக்கு. கோபுரம் மூச்சு விடுகிறது. அடிச்சுவர் விலகுகிறது, மேலே இருப்பது இறங்கப் போகிறது. இறங்கினால் நேராகக் கோர்ட் அறைக்குள். அறைக்குள் தாத்தாவின் படம். படத்துக்குக் கீழே முதல் நாற்காலியில் ஓபல், தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, ஆப்பிள் மரத்தைப் பற்றிக் கவனமாகக் கேட்டுக்கொண்டு.

காவலை நடுவில் விட்டு இறங்கிய தலைவர் என்று ஒருவர் இதுவரை இல்லை. இறங்கினால் வாக்கெடுப்பு போயிற்று. ஊர் போயிற்று. டட்வீலர் என்ற பெயரைச் சொல்லி வெல்டன் மதுக்கடையில் சிரிப்பார்கள். இதையெல்லாம் லைமன் யோசித்தது உண்மை. ஆனால் யோசித்து முடித்தபோது அவர் பாதி ஏணியில் இருந்தார்.

கோர்ட் அறைக் கதவு தடாரென்று திறந்தபோது, ஆப்பிள்காரரின் வக்கீல் காளையின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் வியர்வையில் நனைந்து, கண் பிதுங்க, கையில் துப்பாக்கியுடன் குழுத் தலைவர்.

“எல்லாரும் எந்திரிங்க” என்றார் லைமன். “வெளிய போங்க.”

யாரும் அசையவில்லை. ஜூரி வரிசையில் ஒரு கிழவர் மட்டும் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“சேர்மன்,” என்றார் நீதிபதி, “கோர்ட் நடந்துகிட்டிருக்கு.”

“கோபுரம் எறங்குது ஐயா. சுவர் வெடிச்சிருக்கு. ஒரு வருஷமா வெடிச்சிருக்கு. எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சேன்.”

“என்ன சொல்றார்?” நீதிபதி காதில் கையை வைத்துக்கொண்டு எழுத்தரிடம் கேட்டார். “யார சுட்டாராம்?”

லைமன் ஜூரி நாற்காலிகளுக்கு மேலேறி ஓவியத்தைப் பிடித்து இழுத்தார். தண்டவாள ஆணி பூச்சோடு பெயர்ந்து வந்தது. கர்னல் எஃப்ரைம் டட்வீலர் ஆளுயரத்துக்கும் முகம் குப்புற விழுந்தார். சுவரில் தெரிந்தது விரிசல்: கிளை கிளையாக, கை அகலத்துக்கு, காய்ந்த ஆற்றுப் படுகைபோல.

ஓபல் அதைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். “இதுக்கா குட எடுத்துக்கச் சொன்ன?” என்றாள்.

உண்மையைச் சொன்னால், விரிசலைப் பார்த்து எழுந்தவர்கள் குறைவு. துப்பாக்கியைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் ஓடினார்கள். எப்படியோ அறை காலியானது. சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுக்க நீதிபதி திரும்ப உள்ளே போனார். அவரை இருவர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காளைக்காரரும் ஆப்பிள்காரரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். சதுக்கத்தைக் கடந்து எதிரே வங்கியின் கல்வளைவுக்கடியில் எல்லோரும் ஒடுங்கி நின்றார்கள். ஆலங்கட்டி தெருவில் துள்ளியது. லைமன் ஓபலின் கையை விடவில்லை. தாத்தாவின் கோபுரம் நிமிர்ந்து நிற்பதைக் கடைசி முறையாகப் பார்க்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. நானூறு டன் இறங்கும்போது தரை அதிரும், வங்கியும் சேர்ந்து விழுமோ என்று ஒரு நொடி நினைத்தார்.

திசை திரும்பி ஒரு பெருங்காற்று வந்தது. ஓபல் கண்ணை மூடிக்கொண்டாள். லைமனால் மூட முடியவில்லை.

கோபுரம் இறங்கவில்லை. எழுந்தது.

தெரிந்தவரைத் தெருவில் பார்த்தால் தொப்பியைக் கழற்றுவோமே, அப்படி ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டது. பிறகு முழுசாகக் கிளம்பியது. கடிகாரங்களோடும், முள்ளில்லாத வட்டத்தோடும், கையேந்திய நீதிதேவதையோடும் தபால் நிலையத்துக்கு மேலே மிதந்துபோய், வெல்டன் சாலையில் இறங்கியது. தரை அதிரவில்லை. காலி எண்ணெய் டின்னைப் படிக்கட்டில் உருட்டிவிட்டால் வரும் சத்தம்தான் வந்தது. உருண்டது, எகிறியது, மறுபடி உருண்டது. கடைசியில் ரூப் ஹாஸ்லெட்டின் பிக்கப் வண்டியில் மோதி நின்றது. வண்டியின் ஒரு விளக்கு உடைந்தது. கோபுரம் நசுங்கியது.

மழை விட்டதும் கும்பலாகப் போய்ப் பார்த்தார்கள். கிழிந்த இடத்தில் மணல் ஒட்டிய சாம்பல் வண்ணம், அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் தகரம். உள்ளே சட்டத்துக்கு மெல்லிய பைன் மரம்.

ரூப் குனிந்து ஒரு விளிம்பைப் பிடித்தான். “அந்தப் பக்கம் ஒருத்தர் புடிங்க. வழிய மறிக்குது.” இன்னொரு வெல்டன்காரர் மறுபக்கம் பிடித்தார். மேல்கூம்பை இருவரும் சாலையோரத்துக்குத் தூக்கிப் போட்டார்கள், மூச்சு வாங்காமல்.

“ரூப்,” என்றார் லைமன். “ஒனக்குத் தெரியுமா?”

“என்ன சேர்மன் இப்படிக் கேட்டுட்டீங்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து தெரியும். வெல்டன்ல பள்ளிக்கூடப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“ஒரு வார்த்த சொல்லலியே.”

“நீங்க யாரும் கேக்கலியே.” ரூப் உடைந்த விளக்கை வருத்தத்துடன் தடவினான். “சொல்லிட்டா அப்புறம் வருஷா வருஷம் நீங்க வாசிக்கிறத எப்படிக் கேக்கறது? நாங்க கைதட்டுறது வேற எதுக்குன்னு நெனச்சீங்க?”

“தலைநகரு எங்களோடதுன்னு இப்ப வந்து எழுதிக்குவீங்க” என்றார் லைமன். “வாக்கெடுப்புல.”

“நாங்களா? புதுசா கோர்ட்டு கட்ட எவன் வரி குடுப்பான்? நீங்களே வெச்சுக்கங்க சேர்மன். கூரைய மட்டும் மூடிக்கங்க.”

வாக்கெடுப்பில் வெல்டன் தோற்றது. வெல்டன்காரர்களே மாற்றி வாக்களித்தார்கள்.

லைமன் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்தார். ஆனால் ஓர்மன் சிட்டிக்கு ஒரு பெருமை போனால் இன்னொன்று இல்லாமல் தூக்கம் வராது. ஒரே வாரத்தில் கதை நிமிர்ந்துகொண்டது. கோபுரம் தகரமாக இருக்கலாம். அதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? மானத்தையும் பதவியையும் உதறிவிட்டு ஓடிவந்து, பிளந்த சுவருக்கடியிலிருந்து ஜூரி மொத்தத்தையும் காப்பாற்றினாரே, அதுவல்லவா டட்வீலர் ரத்தம்? நன்றிக் கூட்டம் நடந்தது. பாட்டுக்குழு பாடியது. புதிய பித்தளைத் தகட்டுக்கு வாசகம் தயாரானது: ‘மரணம் தலைக்குமேல் தொங்கிய இவ்விடத்தில்...’ லைமன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் வரியில் ஒரு திருத்தம் சொன்னார். மெல்ல அவருக்குச் சாப்பாடு இறங்க ஆரம்பித்தது. முதுகும் நிமிர்ந்தது.

தகட்டைப் பதிக்கும் முன் சுவர் தாங்குமா என்று பார்த்துச் சொல்ல அரசாங்க எஞ்சினியர் ஒருவர் வந்தார். நிர்வாகக் குழு, நீதிபதி, ஓபல் எல்லோரும் கோர்ட் அறையில் நின்றார்கள். எஞ்சினியர் ஏணியில் ஏறினார். விரிசலுக்குள் விரலை விட்டார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. பின்னால் கல் தெரிந்தது, வெட்டி வைத்த அன்றிருந்ததுபோல. கல்லைத் தட்டினார். பெரிய ஆணி இருந்த குழியைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் நடு ஆணியின் குழி. அதற்குப் பக்கத்தில் சின்னது.

“இங்க யாரோ ஆணி அடிச்சிருக்காங்களே. யாரு?”

எல்லோரும் லைமனைப் பார்த்தார்கள்.

“மொதல் ஆணி அடிச்சப்ப பூச்சு லேசா விட்ருக்கு. பெரிசு பெரிசா அடிக்க அடிக்க அதுவும் பெரிசாயிருக்கு. சுவருக்கு ஒண்ணும் இல்ல.” எஞ்சினியர் கையைத் தட்டிக்கொண்டு இறங்கினார். “மேல கோபுரத்துல யாராச்சும் உக்காந்திருந்தாத்தான் அன்னிக்கு ஆபத்து. கீழ இருந்தவங்களுக்கு ஏது?”

பூச்சு வேலைக்கு ரூப் ஹாஸ்லெட் வந்தான். படம் திரும்ப மாட்டப்படவில்லை, விரிசல் திரும்ப வரவில்லை.